பீட்ரூட்டும் உயர் இரத்த அழுத்தமும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த் நகரை ஒட்டி அமைந்துள்ளது பாகான் டாலாம். கடலின் மறுகரையில் ஜார்ஜ்டவுன் இருக்கிறது. படகுத்துறை, இரயில் நிலையம், துறைமுகம் ஆகியவை அருகிலேயே உள்ளன. தமிழர்கள் கணிசமாக வாழும் வட்டாரம் இது.

இங்கு வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக எண்ணிப் பார்ப்போம். அறுபத்தெட்டு வயதான தாத்தா உயர் இரத்த அழுத்தத்திற்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை உண்டு வருகிறார். ஒருநாள் அவருடைய கைப்பேசிக்குப் புலனத்தின் வழி ஒரு காணொலி வருகிறது. பீட்ரூட் உண்டால் இரத்த அழுத்தம் தானே இறங்கிவிடும், மாத்திரை தேவையில்லை என்கிறது அது. மறுவாரமே வீட்டு மேசையில் பீட்ரூட் மாத்திரைப் புட்டி ஒன்று வந்து அமர்கிறது. படிவம் நான்கில் பயிலும் பேத்தி அதைக் கவனிக்கிறாள்.

“தாத்தா, கிளினிக்கில கொடுத்த மாத்திரை அப்படியே இருக்கே! நீங்க சாப்பிடலையா?”

“இனிமே அது எதுக்கும்மா? இது இயற்கையானது. ஒரு கெடுதலும் கிடையாது.”

தாத்தா நம்புவதில் ஓரளவு உண்மை உண்டு. பீட்ரூட்டுக்கு இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஆற்றல் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஆனால், அது எவ்வளவு குறைக்கும், எத்தனை நாளுக்குக் குறைக்கும், மருத்துவர் தந்த மாத்திரைக்கு ஈடாகுமா ஆகிய கேள்விகளும் எழுகின்றன. அவற்றுக்கு விடை காணாமல் மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

இரத்த அழுத்தம் என்பது என்ன?

இதயம் சுருங்கும்போது இரத்தம் குழாய்களுக்குள் தள்ளப்படுகிறது. அப்போது குழாய்ச் சுவரின் மீது ஏற்படும் அழுத்தமே மேல் அளவு. இதயம் தளர்ந்து ஓய்வு கொள்ளும்போது உள்ள அழுத்தம் கீழ் அளவு. இவ்விரண்டையும் சேர்த்து 120/80 என்பதுபோல் எழுதுவர். இதன் அலகு மில்லிமீட்டர் பாதரசம் ஆகும். மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ வெவ்வேறு நாள்களில் அளக்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால், அதனை உயர் இரத்த அழுத்தம் என மலேசிய மருத்துவர்கள் கருதுகின்றனர்.

இந்நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை என்பதால் அழுத்தமும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. உயர்ந்த அழுத்தம் பல ஆண்டுகள் நீடித்தால் இரத்தக் குழாய்கள் தடித்து இறுகிப்போகும். மூளையில் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, கண்பார்வைக் குறைவு முதலியவை அதன் விளைவுகள். அவை வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, பத்துப் பெரியவர்களுள் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அதாவது, ஏறக்குறைய 6.4 மில்லியன் பேர். அவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். ஆகவே, தாத்தாவின் சிக்கல் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

பீட்ரூட்டில் என்ன இருக்கிறது?

பீட்ரூட்டின் சிவப்பு நிறத்துக்குப் பீட்டாலைன் எனப்படும் நிறமிகள் காரணம். எனினும், இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் முதன்மைப் பங்கு நிறத்துக்கு இல்லை. நைட்ரேட் எனும் சத்துக்கே உண்டு. செடிகள் மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சுகின்றன. பீட்ரூட், பசலை, முளைக்கீரை, செலரி, சாலட் இலை போன்றவற்றில் அது மிகுதியாகச் சேர்ந்திருக்கிறது.

நைட்ரேட் உடலுக்குள் செல்லும் பாதை வியப்பூட்டுவது. உணவோடு வயிற்றை அடைந்து இரத்தத்தில் கலக்கும் நைட்ரேட்டின் ஒரு பகுதி, உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வழி மீண்டும் வாய்க்கே வந்து சேர்கிறது. நாக்கின் மேற்பரப்பில் வாழும் நல்ல நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த உமிழ்நீரை விழுங்கும்போது நைட்ரைட் உடலுக்குள் சென்று நைட்ரிக் ஆக்சைடு எனும் வாயுவாக மாறுகிறது. இந்த வாயு இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசைகளைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது; அழுத்தம் தணிகிறது.

நைட்ரிக் ஆக்சைடு இரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் விதத்தைக் கண்டறிந்த இராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆய்வுகள் கூறுவது என்ன?

2008ஆம் ஆண்டு இலண்டன் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர. நல்ல உடல்நலம் உள்ள சிலர் அரை லிட்டர் பீட்ரூட் சாற்றைப் பருகினர். மூன்று மணி நேரத்திற்குள் அவர்களின் மேல் அளவு ஏறத்தாழ 10 புள்ளி இறங்கியது. அதே ஆய்வில், சாறு பருகிய பின் உமிழ்நீரை விழுங்காமல் துப்பிவிடுமாறும் கூறிச் சோதித்தனர். அப்போது அழுத்தம் இறங்கவில்லை. நாக்கிலுள்ள நுண்ணுயிரிகளின் பங்கு இதனால் உறுதியானது. நுண்ணுயிரிகளைக் கொல்லும் வாய்க்கொப்பளிப்பு நீரை அடிக்கடி பயன்படுத்தினால் பீட்ரூட்டின் பயன் குறைவதற்கும் இதுவே காரணம்.

2015ஆம் ஆண்டு அதே நகரிலிருந்து மற்றோர் ஆய்வு வெளிவந்தது. இதில் பங்கேற்றவர்கள் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள். அறுபத்து நால்வர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் கால் லிட்டர் பீட்ரூட் சாறு பருகினர். மற்றப் பிரிவினர் பருகியதும் பீட்ரூட் சாறுதான். ஆனால், அதிலிருந்து நைட்ரேட் மட்டும் நீக்கப்பட்டிருந்தது. யார் எதைப் பருகுகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான்கு வாரங்களுக்குப் பின், நைட்ரேட் உள்ள சாற்றைப் பருகியவர்களின் மேல் அளவு சராசரியாக ஏறக்குறைய 8 புள்ளி குறைந்திருந்தது. சாற்றை நிறுத்திய இரண்டு வாரங்களில் அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பியது.

8 புள்ளி என்பது சிறிய அளவன்று. ஒரு தனி மருந்தின் சராசரி விளைவுக்கு அது நெருங்கி வருகிறது. அப்படியானால் மாத்திரையை விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் பருகினால் என்ன என்று தாத்தாவைப் போன்றவர்கள் கேட்கலாம்.

இக்கேள்விக்கு விடை காண, மருந்துகள் எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆன 4,736 பேர் பங்கேற்றனர். அவர்கள் அனைவருக்கும் மேல் அளவு உயர்ந்திருந்தது. ஒரு பிரிவினருக்கு இரத்த அழுத்த மருந்தும் மற்றப் பிரிவினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் தரப்பட்டன. ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அவர்கள் கவனிக்கப்பட்டனர். மருந்து உண்டவர்களிடையே பக்கவாதம் 36 விழுக்காடு குறைவாக இருந்தது.

இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பதன் நோக்கம் அளவுகோலில் ஓர் எண்ணைக் குறைப்பது மட்டுமன்று. பக்கவாதமும் மாரடைப்பும் வராமல் காப்பதே. மாத்திரைகள் அதைச் செய்கின்றன என்பது ஆயிரக்கணக்கானோரிடம் பல ஆண்டுகள் சோதித்து அறியப்பட்டது. பீட்ரூட் சாறு சில வாரங்களுக்கு அழுத்தத்தைக் குறைக்கும் என்பது சிலரிடம் சோதித்து அறியப்பட்டது. அது பக்கவாதத்தைத் தடுக்கும் என இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே, பீட்ரூட் மாத்திரைக்குத் துணையாக நிற்கலாம். அதன் இடத்தைப் பிடிக்க முடியாது.

சாறு வேறு, புட்டியில் உள்ள மாத்திரை வேறு

மேற்கண்ட ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்டது சாறு. கடைகளில் விற்கப்படுவதோ பல வேளைகளில் பொடி அடைத்த மாத்திரை. இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சிறு கணக்கின் மூலம் உணரலாம்.

2015ஆம் ஆண்டு ஆய்வில் ஒருவர் ஒரு நாளில் பெற்ற நைட்ரேட் ஏறத்தாழ 400 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் பீட்ரூட் பொடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 500 மில்லிகிராமும் நைட்ரேட் அன்று. நார்ச்சத்து, சர்க்கரை, நிறமி, தாது உப்பு எல்லாம் சேர்ந்ததே பொடி. நைட்ரேட் அதில் ஒரு சிறு பகுதிதான். ஆகவே, நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மாத்திரைகளால் ஆய்வில் தரப்பட்ட அளவை எட்ட இயலாது. மேலும், மண், பயிர்வகை, பதப்படுத்தும் முறை ஆகியவற்றுக்கு ஏற்ப நைட்ரேட்டின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு பெரிதும் மாறுபடுகிறது. பல புட்டிகளில் அந்த அளவு குறிக்கப்படுவதே இல்லை.

இயற்கையானது என்றால் கெடுதல் இல்லையா?

இயற்கைப் பொருளுக்கு ஆற்றல் உண்டு என்பதை நம் மருத்துவ மரபு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஆற்றல் உள்ள பொருளுக்குப் பக்க விளைவும் இருக்கலாம். இதற்குச் சர்ப்பகந்தா எனும் மூலிகை நல்ல சான்று. இந்திய மரபு மருத்துவத்தில் பயன்பட்டு வந்த இம்மூலிகையின் வேர் உயர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என 1931ஆம் ஆண்டு இந்திய மருத்துவர்கள் எழுதினர். பம்பாயைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பலனை 1949ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இதயநோய் மருத்துவ இதழில் (British Heart Journal) வெளியிட்டார். 1952ஆம் ஆண்டு அவ்வேரிலிருந்து ரெசர்பின் எனும் மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. உலகெங்கும் அது பயன்பட்டது. ஆனால், அதிக அளவில் உண்ட சிலருக்கு மனச்சோர்வு போன்ற பக்க விளைவுகள் ஏற்பட்டன. வேறு மருந்துகள் வந்தபின் அதன் பயன்பாடு குறைந்தது. இயற்கையிலிருந்து வந்த அம்மருந்தையும் சோதித்து, அளந்து, கண்காணித்தே பயன்படுத்த வேண்டியிருந்தது.

பீட்ரூட்டைக் காய்கறியாக உண்பதில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. சிறுநீரும் மலமும் சிவந்து போகலாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நிறமியே அதற்குக் காரணம். ஆயினும், சாறாகவோ செறிவூட்டப்பட்ட பொடியாகவோ நாள்தோறும் உட்கொள்ள எண்ணுவோருள் சிலர் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

முதலாவது, சிறுநீரக நோய் உள்ளவர்கள். பீட்ரூட்டில் பொட்டாசியம் மிகுதி. பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதனை வெளியேற்ற முடியாது. சில இரத்த அழுத்த மருந்துகளும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கும் தன்மை உடையவை. இரண்டும் சேர்ந்தால் இதயத்துடிப்புச் சீர்கெடலாம். இரண்டாவது, சிறுநீரகக் கல் உள்ளவர்கள். பீட்ரூட்டில் உள்ள ஆக்சலேட் கல் உருவாக உதவும். மூன்றாவது, நீரிழிவு நோயாளிகள். சாறு பிழியும்போது நார் நீங்கி, சர்க்கரை எஞ்சும். நான்காவது, ஏற்கெனவே அழுத்தத்திற்கோ நெஞ்சுவலிக்கோ மருந்து உண்பவர்கள். அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றல் ஏற்படலாம்.

இவை அனைத்தையும்விடப் பெரிய ஆபத்து, மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதுதான். சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பு இருந்ததைவிட உயர்ந்துவிடும். அறிகுறி ஏதும் தோன்றாததால், எல்லாம் நலமாக இருப்பதாகவே நோயாளி எண்ணிக்கொண்டிருப்பார்.

புட்டியைப் படிக்கக் கற்போம்

மலேசியாவில் மாத்திரை, குளிகை வடிவில் விற்கப்படும் மருந்துகளும் ஊட்டச்சத்துப் பொருள்களும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் வழி பதிவு பெற வேண்டும். பதிவு பெற்ற பொருளின் மேல் ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கும் பதிவெண் அச்சிடப்பட்டிருக்கும். பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்கும். அப்பதிவெண்ணை நிறுவனத்தின் அகப்பக்கத்தில் தேடிச் சரிபார்க்கலாம். பதிவெண் இருந்தால் அப்பொருள் பதிவு பெற்றது என்றே பொருள். அது நோயைத் தீர்க்கும் என்பதற்கு அந்த எண் சான்றாகாது.

விளம்பரங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. 1956ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம், குறிப்பிட்ட சில நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அந்நோய்ப் பட்டியலில் உயர் இரத்த அழுத்தமும் ஒன்று. எனவே, ‘இரத்த அழுத்தத்தை முற்றாகக் குணப்படுத்தும்’ என்று ஒரு காணொலி முழங்கினால், அதனையே முதல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். ஆதாரமற்ற விளம்பரங்களைக் குறித்தும், உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைக் குறித்தும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நீண்டகாலமாக மக்களிடையே விழிப்புணர்வு ஊட்டி வருகிறது. 1969ஆம் ஆண்டு தோன்றிய அச்சங்கம் பினாங்கையே தளமாகக் கொண்டது.

சமையலறையில் செய்யக்கூடியவை

பீட்ரூட்டை ஒதுக்க வேண்டியதில்லை. அது பொரியலாகவோ கூட்டாகவோ சம்பலாகவோ தட்டில் இடம்பெறலாம். நீரில் நெடுநேரம் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டால் நைட்ரேட்டின் ஒரு பகுதியும் அதனுடன் போய்விடும். ஆவியில் வேகவைப்பதும், குறைந்த நீரில் வதக்குவதும் நல்லது. சந்தையில் கிடைக்கும் கீரைகளிலும் அதே நைட்ரேட் உண்டு. விலை உயர்ந்த புட்டியைத் தேடி ஓட வேண்டிய தேவை இல்லை.

தனியொரு காய்கறியைவிட உணவுமுறை முழுவதும் மாறுவதே மிகுந்த பயன் தரும். 1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் 459 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், பழங்களும் காய்கறிகளும் கொழுப்புக் குறைந்த பாலுணவும் நிறைந்த உணவு எட்டு வாரங்களுக்கு வழங்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 11 புள்ளி குறைந்தது.

உப்பைக் குறைப்பதும் இன்றியமையாதது. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு உண்ண வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. மலேசியர்கள் சராசரியாக 7.9 கிராம் உண்பதாக நாட்டளவிலான ஆய்வொன்று காட்டியது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், சோயா கிச்சாப், உடனடி மீ, கடையில் வாங்கும் மீ கோரேங் ஆகியவற்றின் வழி உப்பு நம்மை அறியாமலே உடலில் சேர்கிறது. காலையில் பீட்ரூட் சாறு பருகிவிட்டு, நண்பகல் சோற்றில் கருவாட்டையும் ஊறுகாயையும் குவித்தால் பருகிய சாற்றின் பயன் எங்கே நிற்கும்?

அளந்து அறிவதே வழி

தாத்தாவின் வீட்டுக்கு மீண்டும் செல்வோம். பேத்தி அவரோடு வாதிடவில்லை. புட்டியைத் தூக்கி எறியவும் இல்லை.

“தாத்தா, உங்களுக்குப் பீட்ரூட் பிடிச்சா சாப்பிடுங்க. ஆனா கிளினிக் மாத்திரையை நிறுத்தாதீங்க. நாம ரெண்டு பேரும் தினமும் அளந்து எழுதி வைப்போம். டாக்டர்கிட்ட அந்தப் புத்தகத்தையும் இந்தப் புட்டியையும் காட்டிக் கேட்போம்.”

தாத்தா ஒப்புக்கொள்கிறார். மாத்திரையை அன்றே மீண்டும் உண்ணத் தொடங்குகிறார். காலையும் மாலையும் அவரை ஐந்து நிமிடம் அமைதியாக அமரச் செய்து பேத்தி அழுத்தத்தை அளக்கிறாள். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். அளப்பதற்கு முந்திய அரை மணி நேரத்தில் கோப்பி அருந்தக் கூடாது, புகைக்கவும் கூடாது. அளவுகள் நாளும் நேரமும் குறித்து எழுதப்படுகின்றன.

மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் நல்ல பலன் தந்தால், மருத்துவரே மருந்தைக் குறைக்கக்கூடும். அதற்கு அந்தப் புத்தகத்தில் உள்ள எண்கள் துணைபுரியும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட்தான்.

நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதைத் தணிக்கும் வழியைத் தேர்ந்து, பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கற்பிக்கும் ஒழுங்கு. காணொலியைக் கண்டவுடன் புட்டியை வாங்குவது இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவதாகும். வீட்டில் மூத்தவர்களுக்கு மருந்துச் சீட்டையும் புட்டியின் மேல் உள்ள சிறிய எழுத்துகளையும் படித்துச் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. பீட்ரூட் தட்டில் இருக்கட்டும். மாத்திரையும் வேளை தவறாமல் இருக்கட்டும். இரண்டையும் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லும் பழக்கமும் அவற்றோடு சேர்ந்து இருக்கட்டும்.